எண்ணிக் கேட்ட ஆயர்

(குளச்சல் கடற்கரையில் ஆற்றப்பெற்ற பொழிவின் எழுத்து வடிவம்)

 

கணக்கேடு என்பது இக்கரைக்குப் புதியதன்று. கரையேறும் மீனுக்கு ஏலக் கணக்கு உண்டு. கடன் கொடுத்தவனிடம் ஒரு கணக்கு உண்டு. அது மட்டும் ஒருநாளும் தவறுவதில்லை. இவையெல்லாவற்றுக்கும் மேலாக ஊர்க்கோயிலில் ஒரு கணக்கு உண்டு. எவர் எந்நாளிற் பிறந்தார், எவர் எவரை மணந்தார், எவர் எந்நாளிற் கண்மூடினார் என்று திருமுழுக்கேடும் மணவேடும் இறப்பேடும் சொல்லும். கடலுக்குப் போய் மீளாதவன் பெயரை அரசு மறந்துவிடலாம். கோயிலேடு மறப்பதில்லை.

2004 திசம்பர் 26 அன்று கடல் பொங்கி இக்குளச்சலிலும் அருகிருக்கும் கொட்டில்பாட்டிலும் நூற்றுக்கணக்கானோரை வாரிக்கொண்டு போயிற்று. ஒருவர்க்கு ஒரு குழி தோண்டவும் இயலாமல் பலரை ஒன்றாக அடக்கம் செய்ய நேர்ந்த கொடுமையை இங்கு அமர்ந்திருப்போர் கண்ணாரக் கண்டவர்கள். ஆயினும் மாண்டோர் பெயரற்றுப் போகவில்லை. ஆண்டுதோறும் அந்நாளில் அவ்விடத்தில் மெழுகுதிரி ஏற்றப்படுகிறது, மலர் இடப்படுகிறது, பெயர் சொல்லி அழ உறவுகள் வருகின்றன.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் அடித்தபோதும் அதுவே நிகழ்ந்தது. ஆழ்கடலுக்குச் சென்றவர் எத்துணைப் பேர், மீண்டவர் எத்துணைப் பேர் என்பதில் அரசின் எண்ணும் ஊராரின் எண்ணும் ஒத்துப்போகவில்லை. கடற்கரைப் பங்குகளில்தான் பெயர்ப்பட்டியல் எழுதப்பட்டது. அப்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டுதான் திசம்பர் 7 அன்று மக்கள் குழித்துறைத் தொடர்வண்டி நிலையத்தை மறித்து அமர்ந்தனர், அருள்தந்தையர் முன்னின்றனர். 'சமயத் தலைவர்க்கு இங்கென்ன வேலை?' என்று அன்றும் சிலர் கேட்டனர். காணாமற் போனவரை எண்ணுவது வேறு எவர் வேலை என்பதைக் கேட்டவர் சொல்லவில்லை.

இவ்வேலையை ஓர் ஊருக்கன்று, ஓர் இனத்துக்கே செய்த ஒருவரைப் பற்றியதே இவ்வுரை. அவர் ஈழத்து மன்னாரின் ஆயராயிருந்த இராயப்பு யோசேப்பு ஆண்டகை.

பெயரிலிருந்தே தொடங்கலாம். இராயப்பர் என்பது பேதுருவுக்குத் தமிழ்க் கத்தோலிக்கர் வழிவழியாய் வழங்கிவரும் பெயர். யோசேப்பு என்பதை இக்கரையார் சூசை என்பர். ஆக அவர் இக்கரைக்கு வந்திருந்தால் மூதாட்டியர் அவரை இராயப்பு சூசை என்றே அழைத்திருப்பர். அயலார் என்று எண்ணியிருக்க மாட்டார்கள். ஆயர் என்னும் சொல்லும் ஈண்டு நினைக்கத்தக்கது. முன்னாளில் மேற்றிராணியார் என்று வேற்றுமொழி வழிவந்த ஒரு சொல்லைத் திருச்சவையார் வழங்கினர். அதனை நீக்கி முல்லை நிலத்துப் பழந்தமிழ்ச் சொல்லாகிய ஆயரை அவ்விடத்தில் அமர்த்தியது நல்ல பணி. ஆயர் என்றால் ஆடுமாடு மேய்ப்போர். மாலையில் பட்டியில் அடைக்கும்போது எண்ணிப் பார்ப்போர். நூறு ஆடுகளுள் ஒன்று வழிதவறியதையும், மேய்ப்பவன் அதைத் தேடிப் போனதையும் நற்செய்தி நூல் சொல்கிறது. ஒன்று குறைந்தது என்பதை அவன் எங்ஙனம் அறிந்தான்? எண்ணினான், அதனால் அறிந்தான்.

மன்னாருக்கும் இக்கரைக்கும் உள்ள தொடர்பும் இன்று நேற்றையதன்று. 1544 ஆம் ஆண்டின் இறுதியில் பிரான்சிசு சவேரியார் இத்திருவிதாங்கூர்க் கரையில் ஊர் ஊராய் நடந்து, ஒரே மாதத்திற்குள் பதினாயிரவர்க்கு மேற்பட்ட மீனவர்க்குத் திருமுழுக்கு அளித்தார். அவ்வாண்டிலேயே மன்னார் மக்கள் அவரை அழைத்தனர். அவர் தமக்கு மாற்றாக வேறொருவரை அனுப்பினார். திருமுழுக்குப் பெற்ற அம்மக்களுள் ஏறத்தாழ அறுநூற்றுவரை யாழ்ப்பாணத்தரசன் சங்கிலி கொல்வித்தான். கொன்றவனும் தமிழன், மாண்டவரும் தமிழர். இதனை மறைக்க வேண்டியதில்லை. ஒரே ஆண்டில் ஒரே நெறியில் சேர்ந்த இரண்டு கரைகள், ஒன்று குளச்சற் கரை, மற்றொன்று மன்னார்க் கரை. ஒன்று இந்திய ஆட்சியின் கீழும் மற்றொன்று இலங்கை ஆட்சியின் கீழும் வந்தது பிற்காலத்து வினை.

பிறமொழி ஆட்சியின் கீழ் வாழ்வது என்னவென்று குமரி மண்ணுக்குத் தெரியும். திருவிதாங்கூர்-கொச்சி ஆட்சியிலிருந்து தமிழ்ப் பகுதிகளைப் பிரித்துத் தாய்த் தமிழகத்தோடு சேர்க்கக் கேட்டதற்காக 1954 ஆகசுட்டு 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் தமிழர் துமுக்கிச் சூட்டிற் குருதி சிந்தினர். 1956 நவம்பர் 1 அன்று குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது. அதே 1956 ஆம் ஆண்டில்தான் இலங்கையில் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்னும் சட்டம் நிறைவேறியது. ஒரே ஆண்டில் இங்கொரு கதவு திறந்தது. அங்கொரு கதவு அடைபட்டது.

அங்கே அடைபட்ட கதவு எத்தகையது என்பதை அறிய நீர்கொழும்புக்கும் சிலாபத்திற்கும் இடைப்பட்ட கரையைப் பார்த்தால் போதும். அங்கு வாழ்ந்த மீனவக் கத்தோலிக்கர் பலர் தமிழ் பேசியவர்கள். பள்ளியின் மொழி சிங்களமாயிற்று. வழிபாட்டின் மொழியும் சிங்களமாயிற்று. இரண்டு மூன்று தலைமுறைக்குள் பேரர்கள் சிங்களராயினர். பாட்டிக்குத் தெரிந்த வேண்டுதல் பேரனுக்குப் புரியவில்லை. வாளெடுத்து எவரும் அவர்களை வெட்டவில்லை. பகைவர் எவரும் படையெடுத்து வரவுமில்லை. கோயிலும் பள்ளியும் மொழியை விட்டன. மக்கள் இனத்தை விட்டனர். திருச்சவை ஓர் இனத்தைக் காக்கவும் கூடும், கரைக்கவும் கூடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

இப்பின்னணியில்தான் ஈழத்துத் தமிழ் அருள்தந்தையர் தம் இடத்தைத் தெரிந்துகொண்டனர். தனிநாயக அடிகள் தமிழின் பெருமையை உலக அரங்கில் ஏற்றியவர்; 1964 இல் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றுவதற்கு முன்னின்றவர். அவர் வழி எழுத்து வழி. அவர்க்குப் பின் வந்தோர்க்குக் காலம் கடுமையாயிற்று. 1982 நவம்பரில் சிங்கராயர் அடிகள் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்ச் சிறைப்பட்டார்; 1983 சூலையில் வெலிக்கடைச் சிறைக்குள் 53 தமிழர் வெட்டிக் கொல்லப்பட்ட அந்நாள்களில் அச்சிறைக்குள் இருந்து உயிர் பிழைத்தவருள் அவரும் ஒருவர். 1985 சனவரி 6 அன்று மன்னார் வங்காலையில் மேரி பசுத்தியான் அடிகள் கொல்லப்பட்டார். 2006 ஆகசுட்டில் அல்லைப்பிட்டிப் பங்குத்தந்தை சிம் பிரவுன் அடிகள் வழியில் காணாமற் போனார். அவர் கோயிலில் அடைக்கலம் புகுந்திருந்த மக்கள்மேல் எறிகணைகள் விழுந்து ஒரு கிழமைதான் ஆகியிருந்தது. 2007 செப்டம்பரில், அகதிகளுக்கு உதவிப் பொருள் கொண்டுசென்ற பாக்கியரஞ்சித்து அடிகள் மன்னார்ப் பகுதியில் கண்ணிவெடியில் மாண்டார். 2008 ஏப்பிரல் 20 அன்று, வடகிழக்கில் மாந்த உரிமை மீறல்களைப் பதிவு செய்துவந்த கருணாரத்தினம் அடிகள் அவ்வாறே கொல்லப்பட்டார். இவர்களுள் எவரும் படைக்கலம் ஏந்தியதற்காக மாண்டவரல்லர்.

இராயப்பு ஆண்டகை 1940 ஏப்பிரல் 16 அன்று நெடுந்தீவிற் பிறந்தவர். 1967 இல் அருள்தந்தையானார். உரோமையில் திருச்சவைச் சட்டத்தில் முனைவர் பட்டம் பெற்றுக் கொழும்புத்துறைக் குருமடத்தில் ஆசிரியராயிருந்தார். 1992 இல் மன்னார் மறைமாவட்டத்தின் இரண்டாம் ஆயரானார். சட்டம் படித்தவர் என்பதை நினைவிற் கொள்க; பின்னால் அவர் எண்களைக் கையாண்ட முறைக்கு அது பொருத்தமானது.

அவர் பொறுப்பேற்ற மண் காயம்பட்ட மண். இரண்டாண்டுக்கு முன்பு, 1990 அக்டோபரில், மன்னாரிலும் வடக்கின் பிற பகுதிகளிலும் வாழ்ந்த முசுலிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியிருந்தனர். தமிழ் பேசும் மக்களுக்குத் தமிழர் பெயரால் இழைக்கப்பட்ட அக்கொடுமை தமிழினம் இன்றும் சுமக்கும் பழி. விடுதலையை நேசிப்பவர் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டியது அதுவே. ஒடுக்கப்பட்டோர் பக்கம் நிற்பது ஒடுக்கப்பட்டோர் செய்த பிழைக்கெல்லாம் திரைபோடுவது அன்று.

போர்க்காலத்தில் மருதமடு அன்னையின் கோயில் வளாகம் அகதிகளின் ஊராயிற்று. ஆயிரக்கணக்கானோர் அங்கே குடிசை கட்டி வாழ்ந்தனர். 1999 நவம்பர் 20 இரவில் அங்கும் எறிகணை விழுந்தது. கோயிலுக்குள் ஒண்டியிருந்த ஏறத்தாழ நாற்பதின்மர் இறந்தனர். எறிந்தவர் எவர் என்று இரு தரப்பும் ஒன்றையொன்று சுட்டின. 2006 சூனில் பேசாலைக் கோயிலுக்குள் அடைக்கலம் புகுந்திருந்தவர்மேல் தாக்குதல் நடந்தது. கரையில் மீனவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஆயர் அங்குச் சென்றார். 2007 சனவரி 2 அன்று இலுப்பைக்கடவைப் படகுத்துறையில் வானூர்திகள் குண்டு பொழிந்தன. அழிந்தது புலிகளின் கடற்றளம் என்று கொழும்பு அறிவித்தது. ஆயர் அங்கும் நேரிற் சென்று பார்த்துவிட்டு, அது மீனவக் குடியிருப்பு, மாண்டோர் பொதுமக்கள் என்று அறிவித்தார். நடந்து போய்ப் பார்ப்பதும், பார்த்ததைச் சொல்வதுமே அவர்தம் முறை. கேட்பதற்கு எளிது; போர் நடக்கும் நாட்டில் அம்முறையால் பகை பெருகியதே தவிரக் குறையவில்லை.

2008 ஏப்பிரலில் போர் மடுவை நெருங்கியபோது, நூற்றாண்டுகளாய் மக்கள் வணங்கிய அன்னையின் திருவுருவத்தை அருள்தந்தையர் தேவன்பிட்டிக்கு எடுத்துச் சென்றனர். மக்களோடு மக்களாய் அன்னையும் அகதியானாள் என்று ஈழத்தவர் சொல்லிச் சொல்லி நெஞ்சுருகினர்.

அதன் பின் நடந்ததை உலகறியும். 2009 மே 18. முள்ளிவாய்க்கால்.

அன்று வட்டுவாகலில், படையினரிடம் சரணடைந்தோருடன் பிரான்சிசு சோசப்பு அடிகளும் போனார். யாழ்ப்பாணத்துத் தூய பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபர், முதியவர், ஆங்கிலம் அறிந்தவர் என்பதால் சரணடைவோர்க்கும் படையினர்க்கும் இடையே பேச முன்வந்தவர். எட்டு நாள்களுக்கு முன்புதான் மக்களின் அவலத்தை விளக்கித் திருத்தந்தைக்கு மடல் எழுதியிருந்தார். பேருந்தில் ஏற்றப்பட்டதைக் கண்டோர் உள்ளனர். அதன் பின் அவரைக் கண்டோர் இலர்.

இனி, பலர் கேட்டும் சிலரே முழுதாய் அறிந்த அந்த எண்ணுக்கு வரலாம்.

போர் முடிந்தபின் இலங்கையரசு 'கற்றுக்கொண்ட பாடங்கள், நல்லிணக்கம்' என்னும் பெயரில் ஓர் ஆணைக்குழு அமைத்தது. கற்பிப்பவரும் அவர்களே, கற்பவரும் அவர்களே, தேர்வுத் தாள் திருத்துபவரும் அவர்களே. அக்குழு 2011 சனவரியில் மன்னாருக்கு வந்தது. போவதாற் பயனில்லை என்று ஒதுங்கியோர் பலர். ஆயர் தம் அருள்தந்தையர் இருவருடன் சென்றார். எழுத்து வடிவில் சான்றுரை கொடுத்தார்.

அதில் இருந்தது கண்ணீரன்று. ஒரு கழித்தற் கணக்கு. 2008 அக்டோபர்த் தொடக்கத்தில் வன்னியில் இருந்த மக்கள் தொகை, முல்லைத்தீவு, கிளிநொச்சி மாவட்டச் செயலகங்களின் பதிவுப்படி 4,29,059. 2009 சூலை 10 வரை அரசின் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தோர், ஒன்றிய நாடுகள் அவையின் பதிவுப்படி 2,82,380. முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால் 1,46,679.

இவர்கள் எங்கே என்று அவர் கேட்டார்.

இக்கணக்கின் வலிமை எங்கிருக்கிறது என்பதைச் சற்றே நின்று பார்க்க வேண்டும். முதல் எண் தமிழ் இயக்கம் எதுவும் கொடுத்ததன்று. இலங்கையரசின் சொந்த அலுவலகங்கள் கொடுத்தது. இரண்டாம் எண் உலகமன்று கொடுத்தது. ஆயர் தம் பங்காகச் சேர்த்தது கழித்தற்குறி ஒன்றே. மறுப்பதென்றால் தம் ஏட்டையே மறுக்க வேண்டும். இதற்கு முன்பு, போர் உச்சத்திலிருந்த 2009 தொடக்கத்தில், வன்னிக்குள் சிக்கியிருப்போர் நூறாயிரத்திற்கும் குறைவே என்று கொழும்பு சாதித்தது. உணவும் மருந்தும் அந்த எண்ணுக்கேற்பவே அனுப்பப்பட்டன. பின்னர் வெளிவந்தோரோ 2,82,380. எண்ணைக் குறைத்துச் சொல்வது வெறும் பொய்யன்று. அது பட்டினி போடும் வழி.

இவ்விடத்தில் தமிழ் மேடைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. 1,46,679 பேர் கொல்லப்பட்டனர் என்று ஆயர் சொன்னதாகப் பலர் முழங்குகின்றனர். அவர் அங்ஙனம் சொல்லவில்லை. இத்தனை பேர்க்குக் கணக்கு இல்லை. என்ன ஆனார்கள் என்று தெளிவாக்குக என்றார். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரிது. கொல்லப்பட்டனர் என்றால் மெய்ப்பிக்கும் சுமை சொன்னவர் தலையில் விழும். எங்கே என்று கேட்டால் விடை சொல்லும் சுமை ஆண்டவன் தலையில், அதாவது ஆட்சியாளன் தலையில் விழும். சட்டம் படித்தவர் அவர். தெரிந்தே அவ்வாறு கேட்டார். அவர் கேள்வியைப் பறித்து முழக்கமாக மாற்றுவோர், அவர் செதுக்கிய கூர்முனையை மழுக்கிவிடுகின்றனர்.

பின்னர் ஒன்றிய நாடுகள் அவை அமைத்த வல்லுநர் குழு, 2011 இல், பொதுமக்கள் 40,000 பேர் வரை மாண்டிருக்கக் கூடும் என்றது. 2012 நவம்பரில் அவ்வவையின் உள்ளாய்வு அறிக்கை, கணக்கில் வராதோர் 70,000 பேர்க்கு மேல் என்றது. எண்கள் மாறுபடுகின்றன. ஆனால் மன்னாரில் ஒருவர் எழுந்து கேட்ட பின்பு, எவரும் மாளவில்லை என்று சொல்ல எந்த வாய்க்கும் இயலவில்லை.

கேட்டதற்கு விலையும் இருந்தது. குற்றப் புலனாய்வுத் துறையினர் ஆயர் இல்லத்துக்கே வந்து உசாவினர். இந்த எண் எங்கிருந்து வந்தது என்று வினவினர். அவரைச் சிறையிலடைக்க வேண்டும் என்று தென்னிலங்கையில் கூக்குரல் எழுந்தது. இலங்கைக் கத்தோலிக்கருள் சிங்களரே பெரும்பான்மையர். ஒரே திருப்பலியில் பங்குகொள்ளும் அவர்களுள்ளும் பலர்க்கு அவர் 'புலி ஆயர்'. திருமுழுக்கு நீர் ஒன்றே. ஆயினும் இனவெறி அந்நீரையும் எண்ணெயையும் போலப் பிரித்துவிட்டது.

அவர் பின்வாங்கவில்லை. 2011 இறுதியில் வடகிழக்குத் தமிழ்க் குமுகாயத்தார் பலருடன் சேர்ந்து, தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு வெளிப்படை மடல் ஒன்றில் கையொப்பமிட்டார். தமிழர் சிறுபான்மையினர் அல்லர், தனித் தேசிய இனத்தார். அவர்க்குத் தாயகம் உண்டு. தன்னுரிமை உண்டு என்பது அம்மடலின் உள்ளீடு. 1985 இல் திம்புவில் தமிழ் இயக்கங்கள் ஒன்றுபட்டு முன்வைத்த நிலைப்பாடும் ஏறத்தாழ இதுவே. 2012 தொடக்கத்தில் வடக்கின் அருள்தந்தையர் பலருடன் ஒன்றிய நாடுகளின் மாந்த உரிமை மன்றத்துக்கு எழுதினார். சலுகை கேட்கும் மொழியை அவர் பேசவில்லை. உரிமை கேட்கும் மொழியைப் பேசினார். அதே வேளையில் தமிழ்க் கட்சிகள் தமக்குள் முட்டிக்கொண்டபோதெல்லாம் அவர்களை ஒரே மேசையில் அமர்த்த முயன்றவரும் அவரே. அதில் வென்றார் என்று சொல்ல இயலாது. சிங்களப் படையைக் காட்டிலும் தமிழ்த் தலைவரை ஒன்றுபடுத்துவது கடினம் போலும்.

இக்குளச்சலில் 1741 ஆம் ஆண்டுப் போரின் நினைவாக வெற்றித்தூண் நிற்கிறது. ஒல்லாந்தரை வென்ற திருவிதாங்கூர் அரசனின் புகழ் அது. அவன் படைத்தலைவர் பெயர்களை வரலாற்று நூல்கள் சொல்லும். அன்று இக்கரையில் வலை விரித்து வாழ்ந்தவர் எத்துணைப் பேர், அப்போரில் அவர்க்கு நேர்ந்தது என்ன என்று தேடினால் ஏடு வெறுமையாயிருக்கும். அரசர்களின் போரில் மக்களை எண்ணுவார் இலர். அதனாலேயே 2011 சனவரியில் மன்னாரில் நடந்த அந்தக் கழித்தல், தூணில்லாவிடினும், அத்தூணினும் உயர்ந்து நிற்கிறது.

உடல்நலம் குன்றி 2016 சனவரியில் ஆயர் ஓய்வு பெற்றார். 2021 ஏப்பிரல் 1 அன்று யாழ்ப்பாணத்தில் காலமானார். அவ்வாண்டு அந்நாள் பெரிய வியாழன். இயேசு தம் மாணாக்கரின் காலடிகளைக் கழுவியதைத் திருச்சவை நினைவுகூரும் நாள். உயிர்ப்பு ஞாயிறு கழிந்த மறுநாள், ஏப்பிரல் 5 அன்று, மன்னார்த் தூய செபத்தியார் பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். இந்துக்களும் முசுலிம்களும் வந்து வணங்கிச் சென்றனர். அவர் கண்மூடிய நாள்வரை, 1,46,679 என்னும் எண்ணுக்குக் கொழும்பிலிருந்து விடை வரவில்லை.